கையெழுத்துக்கு முன் கிணற்றைப் பாருங்கள்

ஒன்ராறியோவின் ஊர்ப்புறங்களில் காணி வாங்கி, அதில் அம்மா அப்பாவுக்கென்று இரண்டாவதாக ஒரு சிறு வீடு கட்ட நினைத்திருக்கும் எங்கள் சனங்களுக்கு,



கலியாண வீடு, செத்தவீடு, கோயில் மண்டபம் என்று எங்கே போனாலும் இப்போது ஒரே கதையைக் கேட்கிறேன். "ஸ்காபரோ வீட்டை வித்துப்போட்டு பீற்றர்பரோப் பக்கம் ரெண்டு ஏக்கர் பாத்திருக்கிறம் அண்ணை. முன்னுக்கு நாங்கள் இருக்கலாம், பின்னுக்கு அம்மா ஆக்களுக்கு ஒரு சின்ன வீடு போடலாம் எண்டு முகவர் சொல்லுறார்." சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் என் முகத்திலும் அதே வெளிச்சம்தான் இருந்தது. அதைக் கெடுக்க நான் இதை எழுதவில்லை. அந்த வீடு கட்டப்படவேண்டும், அம்மா அதில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஏன் இந்த வீடு எங்களுக்கு இவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. என் அம்மா ஏழு பனிக்காலம் பேஸ்மென்ற்றில் இருந்தவர். பதின்மூன்று படி. முழங்கால் வருத்தத்தோடு ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, மேலே குசினியில் ஒரு தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு, "உங்களுக்கு இடைஞ்சலா இருக்கப்படாது" என்று சொல்லித் திரும்ப இறங்கிப் போவார். அறையின் யன்னல் தரையோடு தரையாக இருந்தது. ஜனவரியில் பனி கொட்டினால் யன்னல் மூடிப்போகும், பகலிலும் லைற் போடவேண்டும். 2022 ஜூலையிலிருந்து சூப்பர் விசாவில் வரும் பெற்றோர் ஒரே முறையில் 5 வருடம் தங்கலாம் என்று ஆனபிறகு இன்னும் எத்தனை வீட்டுப் பேஸ்மென்ற்றுகளில் எத்தனை அம்மா அப்பா இப்படி இருக்கிறார்கள் என்று நினைக்கவே மனம் கனக்கிறது. பிள்ளைகளுக்குக் கிட்டவும் இருக்கவேண்டும், தன் அடுப்பும் தன் கதவும் தனக்கென்று இருக்கவேண்டும். வயதானவர் கேட்பது அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் இதற்கு யாரிடமும் கேட்டதில்லை. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசினால் இருக்கும் வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் மூலையில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக இன்னொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். கிணறு பொது, வேலி ஒன்று, படலை ஒன்று. ஆறு பரப்புக் காணியில் மூன்று குடும்பம் இருந்ததை நான் கண்ணால் கண்டு வளர்ந்தவன். அதனால்தான் இங்கே "ரெண்டு ஏக்கர்" என்றதும் எங்கள் மனம் உடனே கணக்குப் போடுகிறது. ஏக்கருக்கு 16 பரப்பு, அப்படியென்றால் 32 பரப்பு, ஊரென்றால் ஒரு ஒழுங்கை முழுக்க வீடு கட்டலாமே! நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

இங்கே ஒரு காணியில் என்ன கட்டலாம், எத்தனை கட்டலாம், எங்கே கட்டலாம் என்பதை அந்தந்த ஊர் நிர்வாகத்தின் சோனிங் விதி சொல்லும். ஒன்ராறியோவில் 444 நகராட்சிகள் இருக்கின்றன. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு ரவுன்ஷிப், அந்தப் பக்கம் இன்னொன்று என்றால், இந்தப் பக்கம் ஆகும் வீடு அந்தப் பக்கம் ஆகாமல் போகலாம். ஊர்ப்புறக் குடியிருப்பு என்று வகுத்த காணியில் பொதுவாக ஒரு பிரதான வீடுதான் உரிமை. இரண்டாவது வீட்டுக்கு இடம் உண்டா, உண்டென்றால் பிரதான வீட்டோடு ஒட்டியா, தனியாகவா, எத்தனை சதுர மீற்றர், பிரதான வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள், ஒரே வாகனப் பாதைதானா என்பதெல்லாம் அந்த ஊரின் புத்தகத்தில்தான் இருக்கும். உங்கள் மைத்துனர் வேறு ரவுன்ஷிப்பில் கட்டினார் என்பது உங்கள் காணிக்கு அத்தாட்சி ஆகாது.

எங்கள் ஆட்களை அதிகம் தடுக்கி விழவைத்தது 2022 நவம்பரில் வந்த சட்டம். மாகாண அரசு ஒரு காணியில் மூன்று வீடு வரை உரிமையாகக் கட்டலாம் என்று அறிவித்தது. தமிழ் வானொலியில் கேட்டோம், வட்ஸ்அப்பில் பகிர்ந்தோம், சந்தோஷப்பட்டோம். அந்தச் சட்டத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: நகர்ப்புறக் குடியிருப்புக் காணி. அதாவது குடியிருப்பு எல்லைக்குள் இருந்து, நகராட்சிக் குழாய்த் தண்ணீரும் நகராட்சிக் கழிவுநீர்க் குழாயும் வந்து சேரும் காணி. கிணற்றுத் தண்ணீர் குடித்து, செப்ரிக் ராங்கில் கழிவை விடும் காணிக்கு அந்த உரிமை எழுதப்படவில்லை. நாங்கள் ஆசைப்படும் காணி கிட்டத்தட்ட எல்லாமே இந்த இரண்டாவது வகை. "இப்ப சட்டம் மாறிட்டுது, மூண்டு வீடு கட்டலாம்" என்று யாராவது சொன்னால், அவர் மார்க்கம் நகரத்துக் காணியைப் பற்றிச் சொல்கிறாரா, ஊர்ப்புறத்துக் காணியைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

விளைநிலத்துக்கு வேறு கதை. 2024 ஒக்ரோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கும் மாகாணத் திட்டமிடல் கொள்கை, முதல்தர விவசாயப் பகுதியில் வீடு கட்ட அனுமதியுள்ள காணியில் மேலதிகமாக இரண்டு வீட்டலகுவரை அனுமதிக்கச் சொல்கிறது. ஆனால் இரண்டு என்றால் அதில் ஒன்றாவது பிரதான வீட்டுக்குள்ளோ ஒட்டியோ இருக்கவேண்டும், தனியாக நிற்பது வீட்டுக்கோ பண்ணைக் கட்டடங்களுக்கோ கிட்ட இருக்கவேண்டும், பக்கத்துப் பண்ணையின் மாட்டுக் கொட்டிலிலிருந்து விதித்த தூரம் விட்டிருக்கவேண்டும், தண்ணீருக்கும் கழிவுக்கும் வழி இருக்கவேண்டும். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பசுமை வளையம், ஓக் றிட்ஜஸ் மொறெயின் போன்ற இடங்களில் விதி இன்னும் இறுக்கம். ஓடையோ சதுப்புநிலமோ கிட்ட இருந்தால் நீர்வளப் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதி தனியாக வேண்டும். சதுப்பைச் சுற்றி 30 மீற்றர் அவர்கள் கட்டுப்பாட்டில். ஏப்ரலில் தவளை சத்தம் கேட்கும் மூலை ஒன்று காணியில் இருந்தால், அழகாக இருக்கிறது என்று நினைக்குமுன் அவர்களுக்கு ஒரு தொலைபேசி எடுங்கள்.

சரி, என் காணிக்கு வருகிறேன்.

ஒரு ஏக்கர். அகலம் 45 மீற்றர், நீளம் 90. தெருப் பக்கம் நான்கு அறை வீடு, பின்னால் புல்வெளி, கடைசியில் ஒரு வரிசை சீடர் மரம். எனக்குக் காணி காட்டிய முகவர் பின்விறாந்தையில் நின்று கையை விரித்து, "இஞ்ச இன்னும் மூண்டு வீடு போடலாம்" என்றார். அவரும் எங்கள் ஆள்தான். பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த வெறுங்காணியைப் பார்த்துச் சொன்னார். நானும் அதைத்தான் பார்த்தேன். கையெழுத்து வைத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் ரவுன்ஷிப் கந்தோருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த திட்டமிடல் அலுவலர், முப்பது வயது மதிக்கத்தக்க பிள்ளை, மிகத் தன்மையாகக் கதைத்தார். உங்கள் வலயத்தில் தனியான இரண்டாவது வீட்டுக்கு இடம் இருக்கிறது, பிரதான வீட்டிலிருந்து 30 மீற்றருக்குள் வரவேண்டும் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டார். "கிணறு எங்கே இருக்கிறது, எந்த வகைக் கிணறு?"

கிணறு காணியின் நட்டநடுவில் இருந்தது. இலைலக் பற்றைக்குப் பக்கத்தில், மூன்றடி அகலக் கொங்கிறீற் வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய பழைய தோண்டு கிணறு. மூடியைத் தூக்கினால் ஊர்க் கிணற்று வாசம் வரும். காணியில் எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான்.

ஒன்ராறியோக் கட்டட விதியின்படி செப்ரிக் கழிவுநீர் மண்ணுக்குள் பரவும் படுகை, இப்படிப்பட்ட தோண்டு கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும். குறைந்தது 6 மீற்றர் ஆழத்துக்கு நீர்புகா உறை இறக்கிய குழாய்க் கிணறென்றால் 15 மீற்றர் போதும். காணி எல்லையிலிருந்து 3 மீற்றர், கட்டடத்திலிருந்து 5 மீற்றர். எழுத்தில் பார்த்தால் இவை வெறும் எண்கள். அந்த ஏப்ரல் சனிக்கிழமை காலை, என் மகன் கிணற்றுக் கட்டில் நூல்பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் 30 மீற்றர் நூலை இழுத்துக்கொண்டு சுற்றி நடந்தேன். போகுமிடமெல்லாம் ஒரு சிவப்புக் கொடி குத்தினேன். கிழக்கே போனேன், நூல் முடியவில்லை, அயலவரின் வேலி வந்துவிட்டது. மேற்கேயும் அப்படியே. தெருப்பக்கம் போனால் நூல் வீட்டையே தாண்டிவிட்டது. பின்பக்கம் போய் நூல் இறுகி நின்ற இடத்திலிருந்து சீடர் வரிசைக்கு 15 மீற்றர்தான் மிச்சம். அந்த 15 மீற்றரையும் இருக்கும் வீட்டின் பழைய செப்ரிக் படுகை ஏற்கெனவே பிடித்திருந்தது. வெறுங்காணி என்று முகவர் கைகாட்டிய இடம் முழுவதும் கொடிகளுக்கு உள்ளே இருந்தது. மகன் கேட்டான், "அப்பா, அப்ப அப்பம்மாவின்ர வீடு எங்க வரும்?" என்னிடம் பதில் இல்லை.

கிணறு போதாதென்று படுகையின் கணக்கும் இருந்தது. இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதில்லை, எத்தனை படுக்கையறை என்றுதான் கணக்கு. நான்கு அறை வீட்டுக்கு நாளுக்கு 2,000 லீற்றர் கழிவுநீர், இரண்டு அறை வீட்டுக்கு 1,100. இரண்டும் சேர்ந்து 3,100. உங்கள் மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும் என்று குழி தோண்டிப் பார்ப்பார்கள். நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் அளவு. என் மண்ணுக்கு 20 நிமிடம். லீற்றரை நிமிடத்தால் பெருக்கி 200ஆல் வகுத்தால் எத்தனை மீற்றர் குழாய் புதைக்கவேண்டும் என்று வரும்: 310 மீற்றர். 26 மீற்றர் நீளத்தில் 12 வரிசை, வரிசைக்கு வரிசை 1.6 மீற்றர் இடைவெளி. கிட்டத்தட்ட 500 சதுர மீற்றர் நிலம், மேலே கட்டடமோ வாகனமோ வராத நிலம். களிமண் என்றால் இன்னும் கூடும், மேடாக மண் கொட்டிக் கட்டவேண்டி வரும், அப்போது விடவேண்டிய தூரமும் கூடும். அம்மாவின் வீடு 70 சதுர மீற்றர். இரண்டு வீட்டுக் கழிவையும் தாங்கும் படுகைக்கு அதைப்போல் ஏழு மடங்கு இடம் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் பலர் கோபப்படுகிறார்கள். "வெள்ளைக்காரர் நாங்கள் வந்து இருக்கக்கூடாது எண்டு சட்டம் போடுறாங்கள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஊர்ப்புறத்தில் அப்படி நினைப்பவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிணற்றுத் தூரம் அதற்காகப் போட்டதல்ல. 2000 மே மாதம் இந்த மாகாணத்தின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் என்ன நடந்தது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பள்ளியில் படித்திருப்பார்கள். பெருமழைக்குப் பிறகு மாட்டெருவிலிருந்த ஈ.கோலைக் கிருமி ஆழங்குறைந்த ஒரு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. ஊரில் 5,000 பேரளவில்தான் இருந்தார்கள். 2,000க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். அதுவும் பராமரிக்கவென்று ஆட்கள் நியமித்திருந்த ஊர்ப் பொதுக்கிணறு. எங்கள் வளவுக் கிணற்றைப் பார்க்க எங்களைவிட வேறு யாரும் இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே வாழ்ந்தவர்கள். மேலே ஊற்றுவது எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வளவுகள் சுருங்கச் சுருங்கக் கிணறும் மலக்குழியும் நெருங்கியதையும், கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதையும் பார்த்த சனம் நாங்கள். 30 மீற்றர் என்பது என் அம்மா குடிக்கும் தண்ணீரைக் காப்பாற்றும் தூரம். அந்த நூலை இழுத்துப் பார்த்த பிறகு இந்த விதியோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வழி இருந்தது. உரிமம் பெற்ற ஆளைக் கொண்டு வீட்டின் முன்மூலையில் புதிய குழாய்க் கிணறு அடித்தோம், பழைய தோண்டு கிணற்றை விதிப்படி நிரப்பி மூடினோம். மூடிய அன்று எனக்கு மனது சரியில்லை. ஆனால் 30 மீற்றர் வட்டம் 15ஆகச் சுருங்கி, அதுவும் தெருப்பக்கம் போய்விட்டது. காணியின் நடு திறந்தது. பழைய படுகையைக் கைவிட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நடுவில் ஒரே புதிய படுகை. அயலவரின் தோண்டு கிணறு எங்கள் வேலியிலிருந்து 14 மீற்றரில் இருந்ததால் அவருடைய வட்டம் எங்கள் காணிக்குள் 16 மீற்றர் வந்தது, அதையும் விலக்கித்தான் படுகை. கவனியுங்கள், உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்துக் கிணறும் கணக்கில் சேரும். படுகை நடுவைப் பிடித்ததால் அம்மாவின் வீடு பின்னுக்குத் தள்ளுப்பட்டு, பிரதான வீட்டிலிருந்து 36 மீற்றரில் போய் நின்றது. விதி சொன்னது 30.

அந்த 6 மீற்றருக்காகத்தான் நான் குழுவுக்கு முன் போய் நின்றேன். சோனிங் விதியிலிருந்து சிறு விலகல் கேட்பவர்களை விசாரிக்கும் குழு இது. கொமிற்றி ஒவ் அட்ஜஸ்ற்மென்ற் என்பார்கள். அவர்கள் பார்ப்பது நான்கு விஷயம்: ஊரின் பெருந்திட்டத்தின் நோக்கத்துக்கு இது ஒத்துப்போகிறதா, சோனிங் விதியின் நோக்கத்துக்கு ஒத்துப்போகிறதா, அந்தக் காணிக்கு இது பொருத்தமானதா, கேட்கும் விலகல் சிறியதுதானா. உங்கள் அம்மாவின் முழங்கால் இந்த நான்கில் இல்லை. நான் முதலில் எழுதிய கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றித்தான் இருந்தது. படம் வரைந்து தந்தவர் வாசித்துவிட்டு, மனதைத் தொடுகிறது, ஆனால் ஏன் 36 மீற்றர் என்று இதில் ஓரிடத்திலும் இல்லையே என்றார். திரும்ப எழுதினேன். கிணறு, படுகை, அயலவரின் வட்டம், ஆகவே 36. ஒரு பக்கம்தான். அம்மாவுக்கு அதில் ஒரு வரி கொடுத்தேன்.

உங்கள் காணியிலிருந்து 60 மீற்றருக்குள் இருக்கும் எல்லோருக்கும் அறிவித்தல் போகும். அதற்கு முன் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். இதைத்தான் எங்கள் ஆட்கள் செய்வதில்லை. கூச்சம், ஆங்கிலம் வராது, என்ன நினைப்பார்களோ. நான் ஒரு தட்டில் வடை சுட்டு எடுத்துக்கொண்டு, படத்தையும் சுருட்டிக்கொண்டு போனேன். கிழக்குப் பக்கத்து முதியவர் கமக்காரர். நீண்ட நேரம் படத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி, அவருடைய கிணற்றைப் பற்றி. அவருடைய வட்டத்தை நான் ஏற்கெனவே வரைந்திருந்ததைக் காட்டினேன். விசாரணையன்று அவர் வந்து, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே தீர்மானம் வந்தது, நிபந்தனைகளோடு. மேன்முறையீட்டுக்கான 20 நாள் கழித்துத்தான் அது உறுதியானது. அதற்குப் பிறகுதான் கட்டட அனுமதி விண்ணப்பம். முழுமையான விண்ணப்பத்துக்கு 10 வேலை நாளில் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம், சொன்னார்கள். முழுமையாவதற்குத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதில் ஒரு வருடம் நான் காணி வாங்குமுன் கேட்காததற்குக் கொடுத்த விலை. அம்மா அந்த ஒரு வருடத்தையும் அந்த யன்னலடியில் கழித்தார்.

தனியான இரண்டாவது வீட்டுக்கு உங்கள் ஊரில் இடமே இல்லையென்றாலும் கதவு முழுதாக மூடவில்லை. தோட்டத்து வீடு என்று ஒன்றுக்குத் திட்டமிடல் சட்டத்தில் இடமிருக்கிறது. குளியலறையும் குசினியும் உள்ள, எடுத்துப் போகக்கூடியதாகச் செய்த ஒற்றை வீடு. தற்காலிக அனுமதியாக 20 வருடம் வரை கொடுக்கலாம், பிறகு மூன்று மூன்று வருடமாக நீடிக்கலாம். யார் இருக்கப்போகிறார் என்று பெயர் எழுதி நகராட்சியோடு ஒப்பந்தம் செய்யச் சொல்லலாம், தேவை முடிந்ததும் அகற்றுவதற்குப் பிணைப்பணமும் கேட்கலாம். பெற்றோருக்கென்று கேட்பவர்களுக்கு இது நேர்மையான வழி என்று நான் நினைக்கிறேன். ஆனால் கிணற்றுக் கணக்கும் படுகைக் கணக்கும் இதற்கும் அதேதான். வருமான வரியிலும் ஒன்று உண்டு: 65 வயதுக்கு மேற்பட்டவருக்கோ இயலாமை உள்ளவருக்கோ வீட்டில் தனி அலகு கட்டினால் செலவில் ஒரு பங்கை மீளப் பெறும் சலுகையை மத்திய அரசு 2023இல் கொண்டுவந்தது; அப்போது 50,000 டொலர் வரையான செலவுக்கு 15 வீதம், அதாவது ஆகக்கூடியது 7,500 டொலர். உங்கள் திட்டம் அதற்குள் வருமா என்று கணக்காளரிடம் கேட்டுப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கராஜ் என்று அனுமதி எடுத்துவிட்டு உள்ளே குசினி வைக்கும் வேலை வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைச் செய்தது. இரண்டு பனிக்காலம் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது வருடம் பரிசோதகர் வந்தார், உத்தரவு ஒட்டினார். ஒரு தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்களுக்குத் தண்டத்தைவிடப் பெரிய அடி, எழுபத்தெட்டு வயதுத் தகப்பனைப் பெப்ரவரி மாதத்தில் உடுப்புப் பெட்டியோடு வெளியே கொண்டுவரவேண்டி வந்தது.

இன்னொன்றும் அறிந்து வையுங்கள். இரண்டாவது வீடு கட்டினாலும் காணி ஒன்றுதான், உறுதி ஒன்றுதான். ஊரில்போல இந்த நான்கு பரப்பு மகளுக்கு, இந்த நான்கு பரப்பு மகனுக்கு என்று பிரித்து எழுதமுடியாது. பிரிப்பதற்கு வேறு அனுமதி, அது ஊர்ப்புறத்தில் மிக அரிது. அந்த நினைப்பில் பிள்ளைகள் இருவரிடமும் காசு வாங்கிக் கட்டாதீர்கள். பிறகு கோடு போடமுடியாத காணியில் சகோதரங்கள் நிற்பார்கள்.

ஒரு வேண்டுகோள், இது காணி வாங்கிவிட்டவர்களுக்கு. சோனிங் விதிகள் கல்லில் வெட்டியவை அல்ல. ஊர் நிர்வாகம் தன் விதிகளைத் திருத்தும்போது பொதுக்கூட்டம் வைத்துத்தான் ஆகவேண்டும். நான் நான்கு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். நான்கிலும் எங்கள் ஆள் நான் ஒருவன்தான். சில ஊர்களில் இரண்டாவது அலகு பிரதான வீட்டோடு ஒட்டித்தான் இருக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் நிலமும், நல்ல மண்ணும், ஆழமான கிணறும் இருக்கும் காணிக்கு இது தேவையில்லாத இறுக்கம் என்பது என் அபிப்பிராயம். தண்ணீரும் மண்ணும் தாங்கும் இடத்தில் தனி வீட்டுக்கு இடம் விடவேண்டும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, உறவினர் மட்டும்தான் இருக்கலாம் என்று எழுதுங்கள், இல்லையென்றால் எல்லோரும் வாடகைக்கு விடுவார்கள் என்றார். உறவினர், உறவினர் அல்லாதவர் என்று பிரித்துப் பார்த்து சோனிங் விதி எழுத இந்த மாகாணத்தின் திட்டமிடல் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை எழுந்து சொல்ல அந்த அறையில் யாராவது இருக்கவேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிப் பழகியவர், தன் கிணற்று ஆழம் தெரிந்தவர், விதியை வாசித்தவர் ஒருவர் எழுந்து பேசினால் கேட்கிறார்கள். நான் கண்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலை பேசுமுன் கந்தோருக்குப் போங்கள். வலயம் என்ன, தனியான இரண்டாவது வீட்டுக்கு இடமுண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். செப்ரிக் அனுமதிப் பத்திரத்தின் பிரதி கேளுங்கள். கிணற்றுப் பதிவுகள் மாகாண அரசின் இணைய வரைபடத்தில் இலவசமாகக் கிடைக்கும், மிகப் பழைய தோண்டு கிணறுகள் அதில் இல்லாமலும் போகலாம், ஆகவே போய் மூடியைத் திறந்து பாருங்கள். இவை சரிவந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்களை அவசரப்படுத்தும் முகவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

அம்மா போன கார்த்திகையில் புது வீட்டுக்குப் போனார். படி ஒன்றுதான். காலையில் அவர் குசினியில் லைற் எரிவது எங்கள் அடுப்படி யன்னலால் தெரியும். நீங்கள் காணி பார்க்கப் போகிற நாளில் கூட வர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். 30 மீற்றர் நூலும் அந்தச் சிவப்புக் கொடிகளும் இன்னும் என் காரின் பின்பெட்டியில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
உங்களில் ஒருவன்